கழிமேடு ஹால்ட்டில் ஏறியவர்கள்

ரயில் அரை நிமிடம் நிற்கும், ரயில்வே ஊழியர் ஒருவர்கூட இருக்கமாட்டார். அப்படிப்பட்ட இடத்தில் டிக்கெட் விற்றுப் பிழைப்பதற்கு ஹால்ட் ஏஜென்ட் என்று பெயர்.

சம்பளம் கிடையாது, கமிஷன்தான். யூனிஃபார்ம் கிடையாது. ஆனால் ரயில் லேட்டானால் வரும் திட்டு மட்டும் முழுசாக நமக்கு வந்து சேரும். ரேஷன் கடையிலோ, பேங்கிலோ, மின்சார ஆபீஸிலோ ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் செய்யாத தப்புக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகியவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

எனக்கு வீடு ராயபுரம் கல்மண்டபம் பக்கம். காலையில் ரயில் ஏறி, எண்ணூர் தாண்டி, கழிமேடு ஹால்ட்டில் இறங்குவேன். ஒரு பக்கம் உப்பங்கழி. இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் ரோடு. நடுவில் ஒரு பிளாட்பாரம், ஒரு வேப்பமரம், டிக்கெட் கொடுக்க ஒரு தகரக் கொட்டகை. அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வந்து படியும் சாம்பலைத் துடைத்த பிறகுதான் என் மேஜை என்ன நிறம் என்றே தெரியும். சாயந்திரம் பூட்டிவிட்டு ரயில் ஏறினால், 'பூட்டினோமா' என்று கொருக்குப்பேட்டை வரை யோசித்துக்கொண்டு வருவேன். எனக்குப் பதற்றம் கூடப் பிறந்தது. அதற்குத் தீனி போடுவதற்கென்றே கிடைத்த வேலை இது.

இப்போது அந்த ஹால்ட்டை மூடிவிட்டார்கள். நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். இங்கேயும் ஜன்னல்தான், ஆனால் கடை நாளைக்கு இருக்குமா என்று பயந்துகொண்டே பில் போடவேண்டியதில்லை.

முதல் நாள் கிடைத்த மரியாதை

முதல் நாள் டிக்கெட் கட்டுகளை அடுக்கி, தேதி குத்தும் மெஷினைத் துடைத்து, மாதாவை வேண்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன். முதலில் வந்தவள் கன்னியம்மா. கழியில் பிடிக்கும் நண்டையும் இறாலையும் அன்னக்கூடையில் வைத்து ராயபுரம் பக்கம் கொண்டுபோய் விற்பவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். டிக்கெட்டை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, போகாமல் அங்கேயே நின்றாள். ரயில் வந்தது. அவளோடு வரும் இன்னொரு பெண் தூரத்தில் தண்டவாளத்தை ஒட்டி ஓடிவந்துகொண்டிருந்தாள்.

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ரயில் கிளம்பிவிட்டது. ஓடிவந்தவள் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவளுக்காகத் தானும் ஏறாமல் நின்றுவிட்ட கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "போன ஏஜென்ட்டு கை காட்டி வண்டிய நிறுத்தி வெப்பாரு. நீ இன்னாம்மா, டிக்கெட்டு மட்டுந்தான் குடுப்பியா?"

சுவரில் ஒட்டிய காகிதம்

ஒரு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் ரயில்வே ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து என் கொட்டகைச் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். கழிமேட்டில் ஏறி இறங்குவோர் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஏதாவது ஒரு நாள் ஆள் வைத்து நேரில் எண்ணப்படும். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லப்படமாட்டாது. எண்ணிக்கை போதாவிட்டால் ஹால்ட் மூடப்படும். விஷயம் அவ்வளவுதான்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு முறை படித்தது போதாதென்று மறுபடி படிக்கச் சொன்னார்கள். ரோடு வழியாகப் போனால் லாரிகளுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம். ரயிலில் அரை மணிக்கும் குறைவு. நண்டு உயிரோடு போய்ச் சேர்வதும் செத்துப் போய்ச் சேர்வதும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்ந்து, நாள் முழுக்க என் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தேசப்பன் என்கிற பெரியவர் மட்டும் எழுந்து வந்து பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "மூடறதுக்கு இங்க கதவு எங்கம்மா கீது?"

கூடை ஏறியது

அன்றிலிருந்து நான் தலைகளை எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொரு ரயிலுக்கும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போடுவேன். ஒருவர் குறைந்தாலும் அவருக்கு உடம்புக்கு என்னவோ, ஊருக்கு என்னவோ என்று வருகிறவர்களையெல்லாம் விசாரிப்பேன்.

ஒரு காலை கன்னியம்மா கூடையை மற்ற பெண்களிடம் கொடுத்து ஏற்றிவிட்டு, தான் ஏறுவதற்குள் செருப்பு கழன்று விழுந்துவிட்டது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால் ரயில் நகர்ந்துவிட்டது. கூடை போகிறது, ஆள் நிற்கிறாள். ரயில் பெட்டியில் இருந்த பெண்களுக்கு ஃபோன் போட்டு அவளிடம் கொடுத்தேன். நண்டுக் கட்டு அவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, யார் யாரிடம் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று அத்தனையும் ஃபோனிலேயே சொல்லி முடித்தாள். அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு நான் போட்டிருந்த கோடுகள் ரொம்பக் குறைவு என்பது அவளுக்கு என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆறுதலாகச் சொன்னாள்: "நான் ஏறலன்னா இன்னா, எங்கூடை ஏறிச்சி இல்ல, அத்த எழுதிக்கோ."

ஃபோனில் கடைசிப் பெயர்

எனக்கு வில்லி என்று ஒருத்தி இருந்தாள் என்றால் அது நித்யா. தங்கமான பெண். ராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தினமும் சரியான நேரத்துக்கு வருவாள், "குட் மார்னிங்க்கா" என்பாள், ஏறிப் போய்விடுவாள். என்னிடம் டிக்கெட் மட்டும் வாங்கமாட்டாள். எல்லாம் ஃபோனில்.

ஃபோனில் எடுத்தாலும் கழிமேடு என்று போட்டு எடுத்தால் சரிதானே என்று ஒரு நாள் அவள் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். அத்தனை டிக்கெட்டும் எண்ணூரிலிருந்து! எங்கள் ஹால்ட்டில் தினமும் ஏறுகிற பெண், கணக்கில் எண்ணூரில் ஏறிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்து அவளோடு வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அப்படியே. கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்ச் சொன்னது: "கோச்சிக்காதக்கா, உன் ஸ்டேசன் லிஸ்ட்டுல கடைசியில கீது, தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள வண்டி வந்துடுது."

பூசையில்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மனசு அடங்கும் என்பார்கள். எனக்கு அடங்கவில்லை. சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசை போகும்போது என்னையறியாமல் விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தேன். ஆண்கள் பக்கம் எத்தனை, பெண்கள் பக்கம் எத்தனை, கைக்குழந்தையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழப்பம் வேறு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரர் பொறுமைசாலி. அவரே காதோடு காதாகச் சொன்னார்: "பூசைக்கு வந்தியா இல்ல கணக்கெடுக்க வந்தியா ஸ்டெல்லா, சாமியார் உன்னையே பாத்துகினு கீறாரு."

மூன்று டிக்கெட்

என் புலம்பல் தாங்காமல் கன்னியம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு நாள் ஜன்னலில் வந்து, "மூணு குடு" என்றாள். யார் யாருக்கு என்று கேட்டேன். "குடேன், கேள்வி கேக்காத" என்றாள். கொடுத்தேன். மூன்றையும் இடுப்பில் சொருகிக்கொண்டு ஒருத்தியாக ஏறினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இரண்டு, மூன்று என்று வாங்க ஆரம்பித்தார்கள். விற்பனை ஏறியது. எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தன. விற்ற டிக்கெட்டுக்கும் ஏறிய ஆளுக்கும் ஒத்துப்போகவில்லை என்று யாராவது கண்டுபிடித்தால் முதலில் மாட்டப்போவது நான்தான். வேண்டாம் அக்கா என்று கெஞ்சினேன். அவள் கேட்டால்தானே.

கடைசியில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் அவளிடம் டிக்கெட் கேட்டிருக்கிறார். மூன்றையும் நீட்டியிருக்கிறாள். மற்ற இரண்டு பேர் எங்கே என்று அவர் பெட்டி முழுக்கத் தேடியிருக்கிறார். டிக்கெட் இல்லாமல் போகிறவர்களைப் பிடித்தே பழகிய மனிதர் அவர். ஆள் இல்லாமல் போகிற டிக்கெட்டை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ராயபுரத்தில் இறங்கியதும் என் ஜன்னலுக்கு ஃபோன் பண்ணினார். திட்டப்போகிறார் என்று எழுந்தே நின்றுவிட்டேன். அந்தம்மா சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன், கேளுங்கள் என்றார். "ஒண்ணு எனக்கு சார், ரெண்டு ஸ்டேசனுக்கு."

வாடை வந்த மத்தியானம்

ஒரு மத்தியானம் காற்றில் ஒரு வாடை வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் வாடைக்குப் பஞ்சமில்லை, எதற்கும் மூக்கைச் சுளிக்காத ஊர் அது. ஆனால் இது கண்ணை எரித்தது. ஐந்து நிமிடத்தில் குழந்தைகள் இருமிக்கொண்டு வர, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பெண்கள் வர, ஊர் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டது. ரோட்டுப் பக்கம் யாரும் போகவில்லை, அங்கே லாரி அசையாது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்து நிற்கிற ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். அதற்கு முன் ஒன்று வரும், அது எங்கள் ஹால்ட்டில் நிற்காது.

பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஃபோன் போட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டார். மாசக்கணக்காக எண்ணிக்கொண்டே இருந்தவள், அன்றைக்குத்தான் எண்ணவில்லை. "ஊரே கீது சார், வண்டிய நிறுத்துங்க" என்று கத்தினேன். நிறுத்தினார்கள். நிற்காத ரயில் நின்றது. டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார், கடைசிக் குழந்தை ஏறும்வரை எடுக்கவில்லை. நானும் ஏறிவிட்டேன். திருவொற்றியூரில் இறங்கி எல்லோரும் சாயந்திரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தேசப்பன் மட்டும் இரண்டு நாள் இருமினார். அந்த ஹால்ட் எதற்காக இருக்கிறது என்று என்னை யாராவது கேட்டால், அந்த ஒரு மத்தியானத்தைத்தான் சொல்வேன்.

மாசக் கடைசியில் ரிஜிஸ்டரைப் பார்க்க வந்தவர், அந்தத் தேதியில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்: "அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல ஒரு டிக்கெட்கூட விக்கலையேம்மா, லீவு போட்டுட்டீங்களா?"

நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர்

அதற்குப் பிறகு பிளாட்பாரத்தில் புதுமுகம் தெரிந்தாலே ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்ப்பேன். எண்ண வருகிறவர் எப்படி இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் காலை முதல் ஒருவர் வேப்பமரத்தடியில் நோட்டும் பேனாவுமாக நின்றார். சுற்றும் முற்றும் பார்க்கிறார், உதட்டை அசைக்கிறார், எழுதுகிறார். சந்தேகமே இல்லை. கன்னியம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அடுத்த ரயிலுக்கு அறுபது எழுபது பேர் வந்துவிட்டார்கள். எண்ணூர் வரை போய், எதிர் வண்டியில் திரும்பி வந்து, புடவை மாற்றிக்கொண்டு மறுபடி ஏறினார்கள். அடுப்பில் சோற்றை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. வலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. நான் அந்த மனிதருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னேன். மூன்றாவது ரயில் போனதும் பொறுக்கமுடியாமல், "சார், எண்ணிக்கை போதுமா சார்?" என்று கேட்டே விட்டேன். அவர் நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நான் தெருநாய் எண்ண வந்தவன்மா. உங்க பிளாட்பாரத்துல மட்டும் பதினொண்ணு இருக்கு."

ஊர் இல்லாத காலை

அந்த நாய்க் கணக்குக்குப் பிறகு ஊரில் எனக்கு இருந்த மதிப்பு கொஞ்சம் இறங்கித்தான் போயிற்று. யாரும் திட்டவில்லை. கன்னியம்மா மட்டும், "நீ இனிமே பேஜார் பட்டுக்காத, ஊரு பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

கழிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடி, 'நாளைக்குத் தொழில் இல்லை' என்று சொல்லிவிட்டால் இல்லைதான். ஒருவரும் கழியில் இறங்கமாட்டார்கள், ஒருவரும் வேலைக்குப் போகமாட்டார்கள். ஊர்க் காரியம் எதுவோ அதற்கு வீட்டில் இருக்கிற எல்லோரும் வரவேண்டும். சாவுக்கு அப்படித்தான், கோயில் காரியத்துக்கு அப்படித்தான். மீறினால் ஊரார் முகத்தில் விழிக்கமுடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கட்டுப்பாட்டை எதற்காகப் போடப்போகிறார்கள் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

ஒரு காலை நான் கழிமேட்டில் இறங்கினேன். என்னைத் தவிர யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவும் இல்லை. கூடைகள் இல்லை, நித்யா இல்லை, தேசப்பன் பெஞ்சு காலி. மரத்தடியில் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் ரயில்வே அடையாள அட்டை. மடியில் அச்சடித்த படிவம். முதல் ரயிலிலிருந்தே இருக்கிறோம் என்றார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் போய்க் கன்னியம்மாவுக்கு ஃபோன் போட்டேன். பின்னால் ஒரே கூச்சல், கோஷம். ஹால்ட்டை மூடாதே என்று மனு கொடுக்க, ஊர் மொத்தமும் விடியும் முன்பே வேன்களில் ஏறி ரயில்வேயின் பெரிய ஆபீஸ் வாசலுக்குப் போய்விட்டது. ரயிலில் போனால் வழியிலேயே மறித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம், அதனால் வேன். நான் ஏஜென்ட், தெரிந்தால் எனக்குச் சிக்கல் வரும் என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் குரலில் அப்படி ஒரு பெருமை. "வூட்டுக்கு ஒருத்தர் இல்லம்மா, கைக்கொழந்த மொதக்கொண்டு இங்கதான் கீறோம். ஊர்ல ஒரு ஆளு கெடையாது. அவ்ளோ ஒத்துமை!"

திரும்பி வரச் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அந்த லாரிகளைத் தாண்டி மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்திருக்க முடியாது. அடுத்த ரயில் வந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எனக்கு நானே டிக்கெட் கிழித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினேன். எண்ணூரில் இறங்கி, எதிர் வண்டியில் திரும்பி வந்து, மறுபடி ஒரு டிக்கெட் எடுத்து மறுபடி ஏறினேன். இரண்டாம் தடவை திரும்பி வந்தபோது இருவரில் மூத்தவர் எழுந்து வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். ஏஜென்ட்டை எண்ணக்கூடாது என்று விதி இருக்கிறது, ஓடவேண்டாம் என்றார். நல்ல மனிதர். நான் அழுதுவிட்டேன். ஊர் எங்கே போயிருக்கிறது, ஏன் போயிருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். இன்னொரு நாள் வாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

"நீங்க சொல்றதை எழுதறதுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா" என்றார்.

கல்மண்டபத்தில் கன்னியம்மா

ஹால்ட்டை மூடினார்கள். ஊர் அழுதது, பிறகு பஸ்ஸைத் தேடிப் போனது. எண்ண வந்தவர்கள் எந்த நாளில் வந்தார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூடும்வரை தினமும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஜன்னலைத் திறப்பேன். மனு கொடுத்ததற்கு ஆபீஸ் முத்திரை வாங்கி வந்த கதையை அவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன். என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னைக் கேலி செய்யாமல் இருந்தார்.

போன மாசம் கல்மண்டபம் பக்கத்தில் கன்னியம்மாவைப் பார்த்தேன். அதே அன்னக்கூடை, அதில் பாதிதான் நண்டு. ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி ஷேர் ஆட்டோ என்று மாறி வருகிறாள். வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிடுகிறது, அதனால் பாதிதான் கொண்டுவருகிறாளாம். நித்யா ராயபுரத்திலேயே ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு போய்விட்டாளாம். இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நின்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அக்கா, அன்னிக்கி நீங்க எல்லாரும் மனு குடுக்கப் போனீங்களே..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள்.

மனுவுக்குப் பதில் கடிதம் வந்தபோது அதைப் படித்துக் காட்டியது நித்யாதானாம். தாங்கள் மனு கொடுத்த தேதி இன்னது. கணக்கெடுப்பு நடந்த தேதி இன்னது. அன்றைக்கு ஏறியவர் எவரும் இல்லை. இரண்டும் ஒரே தேதி. பிறகு கன்னியம்மா அந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாளாம். பதில் இன்னும் வரவில்லை என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது.

"ஏங்க்கா ஊர்ல சொல்லல?" என்று கேட்டேன். அவள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள்.

"நீயும் சொல்லாத. பொறந்ததுலேர்ந்து பாக்கறேன், ஒரே ஒரு தபாதான் ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் கெளம்புனாங்க. அதனாலதான் மூடிட்டானுங்கன்னு தெரிஞ்சுதுன்னா, நாளிக்கு அந்த வாடை மறுக்கா வந்து கூப்புட்டாக்கூட ஒருத்தனும் வூட்டவுட்டு வெளிய வரமாட்டான்."

அதனால் கழிமேடு என்பது அந்த ஊரின் பெயர் இல்லை. கன்னியம்மாவும் கன்னியம்மா இல்லை. இதைப் படித்துவிட்டு யாராவது எண்ணூர் தாண்டித் தேடிப் போனால் நான் பொறுப்பில்லை.

ஹால்ட் ஏஜென்ட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்லமுடிந்தது இவ்வளவுதான்: டிக்கெட் வாங்காமல் ஏறுகிறவர்களால் ஸ்டேஷனுக்கு ஒரு கெடுதலும் வராது, ஊர் மொத்தமும் ஒற்றுமையாகிற நாளில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள்.